விலை கூடிய மடக்குக்கத்தியைத் தினமும் கையோடு வைத்துப் புழங்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வளைகுடாவில் வேலை. இந்த முறை லீவுக்கு வரும்போது, எஸ்30வி என்ற எஃகில் செய்த மடக்குக்கத்தி ஒன்றை நம் காசுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். வீட்டில் கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் வாழை, நாலைந்து மூடு பலா. “இதைத் தினமும் வைத்துப் புழங்கலாமா, இல்லை பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, அன்றாட வேலைக்கு இருநூறு ரூபாய்ப் பிச்சாத்தி (சிறு கத்தி) ஒன்றை வைத்துக்கொள்ளலாமா? இந்தக் காசுக்கு ஆளுக்கொரு வெட்டுக்கத்தி அடித்திருக்கலாமே என்கிறார் அப்பா” என்று எழுதியிருக்கிறார்.

புழங்குங்கள் தம்பி. தாராளமாகப் புழங்குங்கள். ரப்பர், மா, சப்போட்டா என்று ஒட்டுக்கன்று கட்டும் நர்சரித் தொழிலில்தான் என் காலம் முழுக்கப் போயிருக்கிறது. கத்திதான் எனக்குச் சோறு போடுகிறது. நல்ல கத்தி புழங்கிக் கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்குச் சம்பந்தமில்லாத வேலையை அதன் தலையில் கட்டி, வெட்டும் வாயில் பல் பல்லாகச் சிதைந்து, முனை ஒடிந்து கெட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். எந்த வேலை அதற்கு, எந்த வேலை வெட்டுக்கத்திக்கு என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் விலையைப் பற்றிய பயம் தானாகப் போய்விடும்.

நம் ஊர்ப் பனையேறிகளைப் பாருங்கள். இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டிக்குள் பாளை சீவ ஓர் அரிவாள், மட்டை கழிக்க வேறோர் அரிவாள். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். வாய் மழுங்கிப் பாளை நசுங்கினால் பதநீர் ஒழுங்காக ஊறாது. அதனால் பாளை அரிவாளால் ஒரு மட்டையைக்கூடத் தொட மாட்டார். இன்னொருவர் கையில் அதைக் கொடுக்கவும் மனம் வராது. அதற்காக அதை வீட்டில் பூட்டி வைக்கிறாரா? இல்லை. காலையும் மாலையும் மரத்துக்கு மரம் அதுதான் ஏறி இறங்குகிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த நாட்டுக் கத்திக்காரரிடமும் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ரப்பர் வெட்டும் அப்படித்தான். பால் வெட்டுபவர் ஒரு வெட்டுக்கு எடுக்கும் பட்டை ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம். மரத்தை ஒட்டிய சவ்வுக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் போனால் காயம். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்தக் கத்தியால் வழியில் கிடக்கும் காட்டுக்கொடியை வெட்ட யாராவது கேட்டால் கொடுப்பாரா?

சரி, உங்கள் கத்திக்கு என்ன வேலை கொடுக்கலாம்? உரமூட்டையின் தையலைப் பிரிப்பது, சணல், நைலான் கயிறு, வாழைக்கு முட்டுக் கொடுத்துக் கட்டும் நாடா, பாலித்தீன், அட்டைப்பெட்டி, வாழையிலை, மாங்காய், கொய்யா. ரப்பர் தோட்டத்தில், மழைநீர் வெட்டில் இறங்காமல் மரத்தைச் சுற்றி மழைத்தடுப்புப் பாவாடை ஒட்டும் காலத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை அளவாக நறுக்க இதைப் போன்ற கத்தி கையில் இருந்தால் எவ்வளவு சுகம் என்று ஒரு நாள் செய்து பார்த்தால் தெரியும். மூட்டையின் மேல் ஒட்டிய மண்ணை மட்டும் முதலில் தட்டிவிடுங்கள். எஃகின் கூரைத் தின்பதில் சணலைவிட அதில் ஒட்டியிருக்கும் மணல்தான் கொடிது. அட்டைப்பெட்டியும் பார்க்கத்தான் சாது. காகிதக் கூழில் கலந்திருக்கும் களிமண்ணும் தூசும் வாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆனால் அதெல்லாம் தீட்டினால் திரும்பி வரும் நஷ்டம்.

திரும்பி வராத நஷ்டம் வேறு. பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்புவது, தேங்காய்க் கண்ணைக் குத்தித் திறப்பது, திருகாணி முடுக்குவது, சிரட்டையிலிருந்து கொப்பரையைப் பெயர்ப்பது, முதுகில் சுத்தியலால் தட்டி விறகு பிளப்பது. எஸ்30வியை, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 58 முதல் 61 வரை கடினமாக்குகிறார்கள். அந்தக் கடினம்தான் கூரை நெடுநாள் நிறுத்துகிறது. பக்கவாட்டில் முறுக்கினால் வளைந்து கொடுக்காமல் தெறித்துவிடவும் அதே கடினம்தான் காரணம். நம் ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரும் வெட்டுக்கத்தி அவ்வளவு கடினம் இல்லை. எசகுபிசகாகப் பட்டால் வாய் மடங்கும், அவ்வளவுதான். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். அதனால் வெட்டுக்கத்தி பற்றி அப்பா சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகும்போது அது கையில் இருக்கட்டும், இது பாக்கெட்டில் இருக்கட்டும்.

அடுத்து காசு விஷயம். 15,000 ரூபாய் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அறுக்கும் திறனுக்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பிரான்சின் சவோய் மலைப்பக்கத்தில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் தொடங்கிய ஒப்பினெல் கத்தி, அதில் 8ஆம் எண் மாதிரி, எட்டரை சென்டிமீட்டர் அலகு (வெட்டும் தகடு), பீச் மரப்பிடி. சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்ஸ்னர் 1884இல் பட்டறை போட்டு, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய விக்டோரினாக்ஸ். இந்த இரண்டும் உங்கள் கத்தியின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். அலகு மெல்லிசு என்பதால் மாங்காயையும் வெள்ளரியையும் இவை உங்கள் கத்தியைவிடச் சுத்தமாகவே அறுக்கும். விலை கூடிய மடக்குக்கத்திகள் பலவற்றில் முதுகு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் கனம். மாங்காய்க்குள் பாதி தூரம் போனதும் அறுப்பதை விட்டுப் பிளக்கத் தொடங்கிவிடும்.

கூடுதல் காசு வேறு இடத்தில் வேலை செய்கிறது. எஸ்30வி என்பது அமெரிக்காவின் குரூசிபிள் ஆலை 2001இல் கொண்டுவந்த எஃகு. கத்தி செய்பவரான கிறிஸ் ரீவ் போன்றவர்களிடம் யோசனை கேட்டு, கத்திக்கென்றே உருவாக்கினார்கள். கார்பன் ஏறக்குறைய 1.45 சதவீதம், குரோமியம் 14, வனேடியம் 4. உருகிய எஃகை வாயு அழுத்தத்தில் பீச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்குகிறார்கள். இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் கடினமான கார்பைடு மணிகள் பொடிசாகவும் எங்கும் சீராகவும் பரவி நிற்கும். சாதாரண எஃகில் அவை பெரிசும் சிறிசுமாக அங்கங்கே திரண்டுவிடும். பலன் என்னவென்றால், விக்டோரினாக்ஸ் அலகு ராக்வெல் 56 வாக்கில் இருந்து அடிக்கடி தீட்டக் கேட்கும். உங்கள் கத்தி பல மடங்கு கயிறு அறுத்த பிறகும் கூரோடு இருக்கும். அப்புறம் பூட்டு உறுதி, அலகு ஆடாமல் மடங்கும் மூட்டு, ஒரு கையால் திறக்கும் வசதி, டைட்டானியம் போன்ற பிடி. இவ்வளவுக்கும்தான் காசு. 25,000, 30,000 என்று மேலே போகப் போக, கூடுதல் ரூபாய் பெரும்பாலும் செய்நேர்த்திக்கும் அழகுக்கும் போகிறது. அழகுக்குக் கொடுப்பது தப்பில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தொழிலில் விலை எங்கே வசூலாகிறது என்று பக்கத்தில் நின்று காட்டுகிறேன். ரப்பரில் பட் வைக்கும்போது, அதாவது மொட்டு ஒட்டும்போது, அடிக்கன்றின் பட்டையில் நெடுக இரண்டு கோடு, குறுக்கே ஒரு கோடு போடுகிறோம். பட்டை மட்டும் அறுபட வேண்டும். அடியில் வழுவழுப்பாக இருக்கும் சவ்வில் கீறல் விழக் கூடாது. கோட்டில் பால் கசியும். அதைத் துடைத்துவிட்டுப் பட்டையை மெதுவாக உரித்துத் திறந்து, ஆர்ஆர்ஐஐ 105 போன்ற நல்ல ரகத்தின் கம்பிலிருந்து எடுத்த மொட்டுப் பட்டையை அந்த இடத்தில் பொருத்தி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறோம். சுமார் மூன்று வாரம் கழித்து அவிழ்த்து, நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் பச்சை தெரிய வேண்டும். மழுங்கின கத்தி பட்டையை அறுக்காது, நசுக்கும். நசுங்கின ஓரம் கறுத்து அழுகும். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட அந்த ரகம் எவ்வளவு உசத்தி என்றாலும், கத்தி சரியில்லை என்றால் கன்று இல்லை. நான் வைத்திருப்பது ஜெர்மனியின் ராய்ட்லிங்கன் ஊரில் செய்யும் டினா கத்தி. 1854இல் தொடங்கிய, தோட்டக்காரர்களுக்கென்று கத்தி செய்யும் நிறுவனம் அது. விலையைக் கேட்டால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முகம் மாறும். ஒரு பருவம் அதை வைத்துக் கட்டிய பிறகு யாரும் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் கத்தி உங்களுக்கு இப்படி எதையாவது மிச்சப்படுத்துகிறதா என்று பாருங்கள். மிச்சப்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை, நல்ல பொருளைக் கையில் பிடித்து வேலை செய்யும் சந்தோஷமும் ஒரு கணக்குத்தான்.

இனி நம் ஊர் மழைக்கு வருவோம். இதைத்தான் வெளிநாட்டுக்காரர் எழுதுகிற எதிலும் பார்க்க முடியாது. தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் ஜூனில் துணி காய்வதே பாடு. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் போனால் காற்றிலேயே உப்பு. இங்கே கத்தியைப் பெட்டியில் வைத்தால் பத்திரம் என்பது உண்மையே இல்லை. தோலுறைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட இரசாயனமும் சேர்ந்து அலகில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும், பித்தளை இருந்தால் பச்சைக் களிம்பு ஏறும். தினமும் கையில் எடுத்து, துடைத்து, திறந்து மூடுகிற கத்திதான் இங்கே சுத்தமாக இருக்கிறது. பெட்டியில்தான் வைப்பேன் என்றால் உறையிலிருந்து வெளியே எடுத்து, எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்தப் பொட்டலத்தையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

எஸ்30வி துருப்பிடிக்காத வகைதான். ஆனாலும் உப்பும் வியர்வையும் பட்டு ஈரத்தோடு கிடந்தால் அதிலும் புள்ளி விழும். மீன் வெட்டினால், கடலுக்குப் போய் வந்தால், நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். கார்பன் எஃகுக் கத்தி என்றால் இன்னும் கவனம். மாங்காய் நறுக்கினால் அலகு சாம்பல் நீலமாகக் கறுக்கும். வாழைக்கறை பட்டால் கருப்பு ஏறும். இந்தக் கருப்புப் படலத்தைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அது ஓரளவு துருவையும் தடுக்கும். செம்மண் நிறத்தில் பொடி எழும்பினால் அதுதான் துரு. அன்றே எடுத்துவிட வேண்டும். ஒப்பினெல் போன்ற மரப்பிடிக் கத்தியில் வேறொரு தொல்லை. அடைமழையில் பீச் மரம் ஊறிப் பருத்து, அலகைக் கவ்விக்கொள்ளும். நகம் ஒடிந்தாலும் திறக்காது. வெயில் வந்து மரம் காய்ந்தால் தானாக இளகும். மழைக்கு முன்பே பிடிக்கு நல்லெண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ ஊறக் கொடுத்தால் பாதிப்புக் குறையும்.

ரப்பர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ஷீட் அடிக்கப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் கார்பன் எஃகை ஒரே நாளில் அரித்துக் கறையாக்கும். ஆசிட் தொட்ட கையால் கத்தியைத் தொடாதீர்கள். பாலாகவே விற்பவர்கள் கலக்கும் அம்மோனியா, பித்தளைக்கு எமன். பழைய பாணி மடக்குக்கத்திகளில் உள்தகடும் ஆணியும் பித்தளையாக இருக்கும். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அழுத்தம் உள்ள இடத்தில் கீறல் விடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. லாயத்தில் எழும்பிய அம்மோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இன்னொன்று, செம்பு கலந்த எதுவும் ரப்பருக்கும் கெடுதல். அதனால்தான் பால் சேர்க்கும் பாத்திரங்களில் செம்பும் பித்தளையும் ஆகாது. அலகில் பால் உறைந்தால் சுரண்டாதீர்கள். விரலால் உருட்டினால் உரிந்து வரும். சக்கை (பலாப்பழம்) வெட்டிய பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

அந்தத் தேங்காய் எண்ணெயை மூட்டுக்குள் மட்டும் விடாதீர்கள். நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். குளிர் நாளில் உறையும். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பழமும் காயும் அறுக்கும் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். இரண்டும் சல்லிக் காசு.

இப்போது தீட்டுவது. விலை கூடிய கத்தி வாங்கும் பத்தில் ஒன்பது பேர் இதை யோசிப்பதே இல்லை. பனையேறி தன் பாளை அரிவாளை மரப்பலகையில் வெள்ளாரங்கல் பொடி தூவித் தீட்டுகிறார். அருமையாகக் கூர் ஏறும். அதே பலகையில் உங்கள் கத்தியை நாள் முழுக்கத் தேய்த்தாலும் பளபளப்பு வரும், கூர் வராது. காரணம் சுலபம். வெள்ளாரங்கல் பொடி சாதாரணக் கார்பன் எஃகைவிடக் கடினம், அதனால் அதைத் தேய்க்கும். உங்கள் எஃகுக்குள் இருக்கும் வனேடியம் கார்பைடு மணிகள் வெள்ளாரங்கல்லைவிடவும், கடையில் விற்கும் அலுமினா கல்லைவிடவும் கடினம். சுற்றியிருக்கும் எஃகு தேயும், மணிகள் தேயாமல் நிற்கும். அதைத் தேய்க்க வைரப்பொடி பதித்த தகடு வேண்டும். பயப்படாதீர்கள், இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (நைசு) என்று உள்ள ஒரு தகடு தினப்படிப் புழக்கத்துக்குத் தாராளம்.

தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அலகை ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிச் சரிவில் பிடித்து, வாயை முன்னே தள்ளி இழுங்கள். அழுத்த வேண்டாம்; கத்தியின் எடையே போதும். ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்கத்து ஓரத்தில் கட்டைவிரலைக் குறுக்காகத் தடவினால் ஒரு சிறு சுருட்டல் தட்டுப்படும். நெடுக்க முழுவதும் அது தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பாதியில் மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் மாறி மாறி மெல்ல இழுத்துச் சுருட்டலை எடுத்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டில் முதுகுப்பக்கமாகப் பத்துத் தடவை இழுங்கள். செய்தித்தாள் ஓரத்தில் வைத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். கரகரவென்று கிழித்தால் எங்கோ இன்னும் சுருட்டல் மிச்சம் இருக்கிறது.

முழுக்க மழுங்கும் வரை காத்திருக்காதீர்கள். எஸ்30வி மொட்டையானால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. வாரம் ஒரு முறை நாலு இழுப்பு இழுத்துவிட்டால் அந்த நிலைமையே வராது. தெருவில் சைக்கிளிலும் மோட்டாரிலும் சாணை பிடிக்க வருபவரிடம் வெட்டுக்கத்தியைக் கொடுங்கள், அரிவாள்மணையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். அவர் வேலையில் குறை இல்லை. வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரம் மெல்லிய வாயைக் கண்மூடித் திறப்பதற்குள் சூடாக்கிவிடும். கார்பன் எஃகில் ஓரம் நீலம் ஓடினால் கிட்டத்தட்ட 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் தோய்ச்சல், அதாவது சூடாக்கித் தோய்த்து ஏற்றிய கடினம், போய்விட்டது. அந்த அளவுக்குத் தேய்த்து எடுத்தால்தான் மறுபடி நல்ல எஃகு வரும். துருப்பிடிக்காத எஃகில் நிறம் அவ்வளவு சுலபமாகக் காட்டாது, அதனால் சேதம் நடந்ததே தெரியாது.

தீட்ட நேரமோ மனமோ இல்லாதவருக்கு என் யோசனை வேறு: இந்த எஃகு வேண்டாம், விக்டோரினாக்ஸ் போதும். வீட்டுக் கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் கூர் ஏறிவிடும். எளிதில் தீட்டக் கூடிய சாதாரணக் கத்தி, தீட்டப்படாத உயர்ந்த கத்தியை எந்த நாளும் ஜெயிக்கும்.

பெட்டியில் வைக்க வேண்டிய கத்தியும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்ச எண்ணிக்கையில் செய்து எண் போட்டு விற்றவை, செய்தவரின் கையெழுத்துள்ளவை, பின்னால் விற்கும் எண்ணம் இருப்பவை. ஒரு தரம் தீட்டினாலே அவற்றின் விலை இறங்கும். தாத்தா இடுப்பில் செருகி நடந்த பிச்சாத்தி கையில் இருந்தால் அதையும் பாக்கெட்டில் போட்டுப் போக வேண்டாம். தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. உங்களுடையது அந்தக் கணக்கில் வராது. தொலைந்தால் இன்னொன்று வாங்க முடியும். வருத்தம் சில நாளில் ஆறும். ஆறாது என்றால் மட்டும் ஒரு படி கீழே இறங்கி வேறு கத்தி எடுங்கள். தொலைத்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே வைத்திருக்கும் கத்தி கைக்கு வராது, வேலையும் செய்யாது.

தொலைவதைப் பற்றிச் சொன்னால், நம் ஊரில் கத்தி பெரும்பாலும் போவது தண்ணீரில். சட்டைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கிணற்றிலோ குளத்திலோ குனிந்தால் போயிற்று. கைலி கட்டி நிற்கும்போது மடியில் செருகுவதும் அப்படித்தான். இந்தக் கத்திகள் கனம், மடிப்பு அவிழ்ந்து நழுவும். பேன்ட் பாக்கெட் ஓரத்தில் கிளிப்பால் மாட்டுவது நல்லது. கைலி என்றால் பிடியில் உள்ள துளையில் கயிறு கோத்து அரைஞாணிலோ பெல்ட்டிலோ கட்டிவிடுங்கள். கயிறு நல்ல நிறமாக இருக்கட்டும், ரப்பர்ச் சருகுக்குள் விழுந்தாலும் கண்ணில் படும். வேலை முடிந்து மடக்கும்போது விரலை அலகின் வழியில் வைக்காதீர்கள். பக்கத் தகடு வந்து தடுக்கும் பூட்டு உள்ள கத்தியில் பால் பிசினோ மண்ணோ புகுந்தால் தகடு முழுதாக ஏறாது. திறந்தவுடன் பூட்டு விழுந்ததா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும். எந்தப் பூட்டையும் நம்பிக் குத்தும் வேலை செய்ய வேண்டாம்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டிப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் அதன் கீழ் 2016இல் வந்த விதிகளும் சொல்வது, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத வகையில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆயுத வகையில் வரும் கத்திக்கும், அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் உரிமம் கேட்பார்கள். உங்கள் மூன்று, மூன்றரை அங்குல அலகு இந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. ஆனால் ஊருக்கு ஊர் தனி அறிவிக்கை இருக்கலாம். டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை, பொத்தானை அமுக்கினால் தெறித்துத் திறக்கும் கத்தி போன்றவற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. தேர்தல், கலவரம், தடையுத்தரவு நேரங்களில் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு போட்டால், போலீஸ்காரர் உங்கள் மடக்குக்கத்தியையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். திருவிழாக் கூட்டம், கட்சிக் கூட்டம், கோர்ட், இந்த இடங்களுக்கெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தற்காப்புக்கு ஆகட்டும் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் தயவுசெய்து அதை எடுத்துப் போடுங்கள். கைகலப்பில் கத்தியை எடுத்தவர் பக்கம் நியாயம் இருந்தாலும் வழக்கு அவர் மேல்தான் திரும்பும், அதற்கு முன்பே உயிர் போகவும் கூடும். கயிறு அறுக்கும் கத்தியாகவே அது இருக்கட்டும்.

திரும்பிப் போகும்போது திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவீர்கள். கைப்பையில் கத்தி போகாது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மடக்கி, அட்டையில் சுற்றி, லக்கேஜில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். போய் இறங்கும் நாட்டில் இந்த வகைக் கத்திக்கு அனுமதி உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது. சாவிக்கொத்தில் தொங்கும் சின்னப் பேனாக்கத்திக்கும் கைப்பையில் இதே விதிதான். வீட்டை விட்டு இறங்கும் முன் சாவிக்கொத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.